ஒல்லையூர்ப் பாடல்களும் சித்திரப்பாவையும்: கூற்றும் காட்சியும்

மக்கள் இயல்பை உள்ளவாறு காட்டுதல் இலக்கியத்தின் தலையாய பணி என்பர். எம்முறையால் காட்டுகின்றது என ஆராய்தல் திறனாய்வின் கடன். ஒருவர் தம் உள்ளத்தைத் தம் வாயாலேயே உரைத்துவிடின், அவரை நாம் முற்றும் அறிந்தவர் ஆவோமா? ஆகோம் என்பதே எம் கருத்து. மாந்தர் தம்மைப்பற்றிக் கூறுவது ஒன்று. அருகிருந்து காண்பார்க்குப் புலனாவது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே ஒருவரின் இயல்பு விளங்கும். பழம்புலவரும் இக்கால நாவலாசிரியர் ஒருவரும் இதனை எங்ஙனம் கையாண்டனர் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தோடு தொடர்புடைய படைப்புகள் சிலவற்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் உறுப்புகள் முப்பத்து நான்கு. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், மெய்ப்பாடு என்பன இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவன. பேசுவோர் யாவர் என்பதோடு அமையாது, கேட்போர் யாவர், எவ்விடத்துப் பேசப்பட்டது என்பனவற்றையும் செய்யுளின் உறுப்பாகவே ஆசிரியர் எண்ணினார். கேட்போர் மாறின் பேச்சும் மாறும் என்னும் உளநூல் உண்மை இதன்கண் அடங்கியுள்ளது.

சங்க நூல்கள் கூறும் ஒல்லையூர், இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒலியமங்கலம் என வழங்கும் ஊர் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அவ்வூரைப் பகைவரிடமிருந்து மீட்டமையால் பூதப்பாண்டியன் ‘ஒல்லையூர் தந்த’ என்னும் அடைமொழி பெற்றான். அவ்வூர்த் தலைவன் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 242ஆம் பாட்டாக உள்ளது. அதில் கேட்போன் மனிதன் அல்லன். முல்லைக் கொடியே கேட்போன் நிலையில் நிற்கின்றது. சூடுவார் ஒருவரும் இல்லாத நாட்டில் நீயும் பூக்கின்றாயோ எனப் புலவர் வினவுகின்றார். விடை கூற இயலாத ஒன்றிடம் வினவுதல் துயரத்தின் இயல்பு. புலவர் தம் துயரம் பெரிது என ஓரிடத்தும் கூறினாரல்லர். கேட்போரைத் தேர்ந்தமையே அதனைக் கூறிவிட்டது.

இனி, பூதப்பாண்டியனையும் அவன் தேவி பெருங்கோப்பெண்டையும் பற்றிய மூன்று பாடல்களை நோக்குவாம். 71ஆம் பாட்டு அரசன் கூறும் வஞ்சினம். 246ஆம் பாட்டு அவன் இறந்தபின் தேவி கூறியது. 247ஆம் பாட்டு அவள் நிலை கண்டு மதுரைப் பேராலவாயார் பாடியது. முதற்பாட்டு தொகுப்பில் தொலைவில் நிற்பினும், பாடல்களின் இறுதியில் அமைந்த குறிப்புகளை ஏற்று நோக்கின், மூன்றும் ஒரே வாழ்வின் மூன்று பக்கங்கள் ஆகின்றன.

வஞ்சினம் என்பது சினத்தின் மொழி. ஆயினும் அதன் அமைப்பு அன்பின் அளவுகோலாக நிற்கின்றது. பகைவரை வெல்லேனாயின் இன்னின்ன இழப்பு எனக்கு எய்துக என்று கூறுபவன், தனக்கு அரியவற்றையே வரிசைப்படுத்துதல் இயல்பு. பூதப்பாண்டியன் முதற்கண் கூறுவது தன் மனைவியைப் பிரிதல். அறங்கூறு அவையத்தில் முறை தவறுதல் அதன் பின்னரே வருகின்றது. மாவன், ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் முதலிய நண்பரோடு மகிழும் மகிழ்ச்சியை இழத்தலும், தென்புலங் காக்கும் குடி நீங்கி வன்புலங் காப்போர் குடியிற் பிறத்தலும் அதற்கும் பின்னரே எண்ணப்படுகின்றன. போர்க்களம் நோக்கிய பேச்சில் மனைவியை ‘இவள்’ என அண்மைச் சுட்டால் குறிப்பது கருதத்தக்கது. வீரம் பேச எழுந்த நா, தான் அறியாமலே இல்லற அன்பை வெளிப்படுத்திவிடுகின்றது.

246ஆம் பாட்டில் கேட்போர் சான்றோர். தேவி தீப்பாய்தலை அவர்கள் தடுக்கின்றனர். அவளோ அவர்தம் அறிவுரையைத் தீய சூழ்ச்சி எனச் சினந்து மறுக்கின்றாள். தாமரை மலர்ந்த பொய்கையும் ஈமத்தீயும் தனக்கு ஒன்றே என்னும் முடிவான கூற்றையே பலரும் மேற்கோள் காட்டி, இப்பாடலை உடன்கட்டை ஏறுதலின் புகழ்ச்சியாகக் கொள்வர். அவ்வாறு கொள்ளுதல் பாடலின் முற்பகுதியை மறத்தலாகும். அங்கு அவள் விரித்துரைப்பன யாவை? நெய் தீண்டாத உணவு, இலையிடையே கிடந்த கையாற் பிழிந்த சோறு, எள்ளரைத்த விழுதும் புளியும் கூட்டி வெந்த வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக் கற்கள்மேற் கிடக்கும் படுக்கை. கைம்மை வாழ்வை இத்துணை நுணுக்கமாகச் சமையற்பொருளாலும் படுக்கையாலும் அளந்து காட்டும் பெண், காதலை மட்டும் பேசினாள் எனல் பொருந்துமா? காதல் உண்டு, அதனோடு, கணவனை இழந்தாளுக்கு அக்கால வழக்கம் வகுத்த வாழ்வின்மேல் எழுந்த அருவருப்பும் உண்டு. தீ எளிதாகத் தோன்றுவது அவ்வாழ்வின் அருகில் வைத்து நோக்கும்போதுதான். எனவே இப்பாடலைக் கைம்மைக் கொடுமைக்கு எதிரான சான்றாகவும் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வுரைக்கு அரண் செய்வது 247ஆம் பாட்டு. இங்குத் தேவி ஒரு சொல்லும் பேசவில்லை. காட்டில் அணங்குறையும் முன்றில். யானை கொணர்ந்த உலர்ந்த விறகில் கானவர் மூட்டிய தீயின் ஒளி. துயிலினின்று எழுப்பப்படும் மான்கூட்டம். முன்றிலைக் கிளறும் மந்தி. அவ்விடத்தே நீர் சொட்டும் கூந்தல் முதுகில் தாழ, துயர் நிறைந்த கண்களோடு, சுடுகாட்டை நோக்கி அவள் கலங்கி நிற்கின்றாள். முழவொலி ஓயாத காவல்மிக்க அரண்மனையில் சிறிது நேரம் தனித்திருப்பினும் உயிர் நடுங்குபவள் இவள் என்று புலவர் கூறி அமைகின்றார்.

இரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்தமை தொகுத்தாரின் நுண்ணறிவு எனல் தகும். சான்றோர் முன்னிலையில் பேசியவளிடம் நாம் கண்டது தறுகண்மை பற்றிய பெருமிதமும் வெகுளியும். கேட்போர் இல்லாத இடத்தில் காண்பது அச்சமும் அழுகையும். முன்னையது பொய் அன்று. பின்னையதும் பொய் அன்று. அஞ்சுபவளே அஞ்சாமை பேசினாள் என்பதே அவள் உண்மை. இரு பாட்டிற்கும் ‘ஆனந்தப் பையுள்’ என ஒரே துறை வகுத்தனர். துறைப்பெயர் இனத்தை அறிவிக்கும். உயிரை அறியப் பாட்டையே நாடுதல் வேண்டும்.

இத்தகைய உள்முரணை உரைநடையில் காட்ட முயன்றவர் அகிலன். 1922இல் புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் பிறந்த இவர், சித்திரப்பாவை என்னும் நாவலுக்காக 1975ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். அப்பரிசு பெற்ற முதல் தமிழ் எழுத்தாளரும் இவரே. நாவலின் தலைவி ஆனந்தி, ஓவியன் அண்ணாமலையை விரும்புகின்றாள். மாணிக்கம் வஞ்சகமாய் அவளைத் தீண்டிவிட, அத்தீண்டலே தன்னை அவனுக்கு உரியவளாக்கிற்று எனக் கருதி அவனையே மணக்கின்றாள். துன்புற்றுத் தெளிந்து, இறுதியில் தாலியை நீக்கி, அண்ணாமலையை நாடிச் செல்கின்றாள்.

பெருங்கோப்பெண்டைப் போலவே ஆனந்தியும் வழக்கம் வகுத்த எல்லைக்குள் நின்று முடிவு செய்கின்றாள். வேறுபாடு காலத்தைக் கையாளும் முறையில் உள்ளது. பாட்டு ஒரு கணத்தைப் பற்றுகின்றது. அக்கணத்தில் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதே அதன் பொருள். நாவலோ உள்ளம் மாறுதலைக் காட்டவல்லது. கற்பு என்று தான் கொண்ட கருத்தே தன்னைச் சிறைப்படுத்தியதை ஆனந்தி படிப்படியாக உணர்வதற்கு நீண்ட காலம் வேண்டும். அதனை அளிப்பது நாவல் வடிவம். இவ்வகையில் அகிலன் வடிவத்தின் இயல்பறிந்து பயன்கொண்டார்.

எனினும் ஒரு குறை உண்டு. அண்ணாமலை கலையின் உருவாகவும் மாணிக்கம் பொருளாசையின் உருவாகவும் நிறுத்தப்பட்டமையால், மாணிக்கத்தின் உள்ளத்தில் முரண் தோன்ற இடம் குறைகின்றது. மேலும், மாந்தர் உணர்வை அவர்தம் செயலே காட்டிய பின்னரும் ஆசிரியர் இடைபுகுந்து அதன் பொருளை விளக்குகின்றார். தனிமைக்கு நடுங்கும் பெண் சுடுகாட்டை நோக்கி நின்றாள் எனக் கூறி அமைந்த பேராலவாயாரின் அடக்கம் இங்கு இல்லை. படிப்பவர் தாமே உணர்தற்கு எஞ்சி நிற்பதையே தொல்காப்பியர் எச்சம் என்றார். நாவலுக்கும் அவ்வுறுப்பு வேண்டும்.

ஆதலின், மாந்தரின் கூற்றை மட்டும் மேற்கோள் காட்டி அதனையே அவர்தம் கொள்கையாகவும், ஒரு காலத்தின் அறமாகவும் முடிவு கட்டுதல் முறையன்று. கேட்போர் யாவர், களன் யாது, கேட்போர் நீங்கியபின் அவர் நிலை யாது என வினவிய பின்னரே பொருள் கோடல் வேண்டும். பெருங்கோப்பெண்டின் சொல்லைப் போற்றுவோர், அவள் கண்களைக் கண்ட புலவரின் சொல்லையும் உடன்கொண்டு போற்றுவாராக.