டெலிட் போட்டால் டிஸ்க் குறையுமா?

சிறிய சர்வரில் டிஸ்க் நிரம்பியதும் பலரின் கை தானாகப் போகும் இடம் டெலிட். ஆறு மாதத்துக்கு முந்தைய லாக் வரிகள், காலாவதியான செஷன்கள், யாரும் திரும்பிப் பார்க்காத நோட்டிஃபிகேஷன்கள் எல்லாம் போகட்டும் என்று ஒரு கிரான் எழுதிவைப்பார்கள். 25 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை சர்வரில் பிழைப்பு நடத்துகிறவருக்கு இது நியாயமான சிக்கனம்தான். பலன் உண்டு, ஆனால் அவர் எதிர்பார்க்கும் பலன் அல்ல.

போஸ்ட்கிரஸில் டெலிட் கொடுத்தால் வரி அப்போதே அகன்றுவிடாது. வேறொரு டிரான்சாக்‌ஷன் அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால், செத்த வரியாக டேபிளிலேயே கிடக்கும். பிறகு வேக்யூம் வந்து அந்த இடத்தைப் புதிய வரிகளுக்குத் திறந்துவிடும். ஃபைலின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் காலியானால் ஒழிய, டிஸ்க்குக்கு எதுவும் திரும்பி வராது. பயணி இறங்கினால் இருக்கை காலியாகும், பேருந்து சிறிதாகிவிடாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆகவே அன்றாட டெலிட்டின் உண்மையான பலம் டேபிளைச் சுருக்குவதில் இல்லை, மேலும் வீங்கவிடாமல் பிடித்துவைப்பதில் இருக்கிறது. தினமும் வருகிற அளவுக்குத் தினமும் போனால் டேபிள் ஓர் அளவில் நின்றுவிடும். அதற்கு ஆட்டோவேக்யூம் வேகமாக ஓட வேண்டும். இயல்பான அமைப்பில், டேபிளின் 20 சதவீத வரிகளும் கூடவே 50 வரிகளும் செத்த பிறகுதான் அது எழுந்திருக்கும். ஒரு கோடி வரிகள் உள்ள டேபிளில் அது 20 லட்சம் செத்த வரிகள். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் இந்த அளவை 2 சதவீதமாக இறக்கிவைப்பது, எந்த கிரானைவிடவும் அதிகம் உதவும்.

பலவீனம் தெரிவது டிஸ்க் 98 சதவீதத்தைத் தொட்ட இரவில். டெலிட்டும் ஓர் எழுத்து வேலைதான். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் (WAL) ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் பதிவு விழும். இடம் பிடிக்கப் போனவர் இருக்கிற இடத்தையும் தின்கிறார். பதறிப்போய் வேக்யூம் ஃபுல் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அது உயிருள்ள வரிகளை எல்லாம் புதிய ஃபைலில் எழுதி, இண்டெக்ஸ்களையும் புதிதாகக் கட்டி முடித்த பிறகே பழையதை விடுவிக்கும். டேபிளில் 5 ஜிபி உயிருள்ள தரவு இருந்து டிஸ்க்கில் மீதி 2 ஜிபி என்றால் வேலை பாதியில் நின்றுவிடும். அதுவரை அந்த டேபிளை ஒருவராலும் படிக்கக்கூட முடியாது.

அடுத்த சபலம், ஃபைல்களையே கையால் அழிப்பது. போஸ்ட்கிரஸ் தன் வால் ஃபைல்களை முன்பு ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்ற ஃபோல்டரில் வைத்திருந்தது. பெயரில் லாக் இருக்கிறதே என்று அதைத் துடைத்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு அந்தப் பெயரை ‘பிஜி_வால்’ என மாற்றியது. பயனரின் கைக்குப் பயந்து ஃபோல்டரின் பெயரையே மாற்றினார்கள் என்றால் பழக்கம் எவ்வளவு பரவியிருக்க வேண்டும்!

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. டிஸ்க்கைத் தின்பது யார் என்று பார்க்காமலே பலர் டெலிட்டில் இறங்குகிறார்கள். மைஎஸ்கியூஎல் 8.0-இல் பைனரி லாக் தானாகவே இயங்கும், 30 நாள் ஃபைல்களை வைத்திருக்கும். எழுத்து அதிகமுள்ள கடையில் அது தரவைவிடப் பெரிதாகிவிடலாம். இரவுதோறும் பேக்கப் வெளியே போகிறதென்றால் மூன்று நாள் லாக் போதும். முற்றிலும் நிறுத்த நான் சொல்ல மாட்டேன்; பேக்கப்புக்குப் பிந்தைய மணி நேரங்களை மீட்க இருப்பது அது ஒன்றுதான். போஸ்ட்கிரஸில் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று இருந்தால் வால் ஃபைல்கள் குவிந்துகொண்டே போகும். அதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 13-ஆம் பதிப்பில் வந்தது, ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு.

மாதவாரியாகப் பார்ட்டிஷன் பிரித்து, பழைய மாதத்தை டிராப் செய்வது தொழில்நுட்ப ரீதியில் சிறந்த வழி. இடம் உடனே திரும்பும். ஆனால் பிரைமரி கீயில் தேதியையும் சேர்க்க வேண்டிவரும். ஏற்கெனவே வீங்கிய டேபிளை மாற்றவும் இடம் வேண்டும். சில நூறு எம்பி டேபிளுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

எதை அழிப்பது என்பதைச் சர்வர்காரர் தனியாக முடிவு செய்யவும் கூடாது. இந்தியாவில் ஜிஎஸ்டி கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் டேபிளைத் தொடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

சிறு சிறு தொகுதிகளாக ஓடும் தினசரி டெலிட் இருக்கட்டும். ஞாயிறுதோறும் வேக்யூம் ஃபுல் ஓட்டும் கிரான் வரி மட்டும் வேண்டாம். அது சுருக்கிய டேபிள் அடுத்த வாரமே பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அந்த வரி உங்கள் சர்வரில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.