புனிற்று மனையின் அச்சம்: நற்றிணை 40ஐ முன்வைத்து

கருவுற்ற காலத்தும் மகப்பேற்றின் பின்னரும் பெண்ணைப் பற்றும் பதற்றத்தை இன்றைய உளமருத்துவம் மனச்சோர்வினின்றும் பிரித்தறியத்தக்க நிலையாகக் காண்கிறது. சங்கப் பாக்களில் இதற்கு இடமுண்டா என நோக்குமிடத்து முதலில் எதிர்ப்படுவது வயா. தொல்காப்பிய உரியியல் இச்சொல்லை மிக்க வேட்கையைக் குறிப்பதாகக் கொள்கிறது. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் முகந்து விசும்பேற மாட்டாது தளரும் மேகத்துக்குப் பசும்புளி விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகிறார். உடற்சுமையும் நாவின் விருப்பும் அங்குள, மனம் இல்லை.

புனிறு, அதாவது ஈன்ற அணிமைக் காலம், இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நற்றிணை 40 காட்டும் மனையில் மணி ஒலிக்கிறது, மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர், மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர், ஐயவி அணியப்பட்டுள்ளது. இதனை மங்கலக் காட்சியாகக் கொண்டு மனநிறைவோடு கடந்துவிடுதல் எளிது. ஆயின் இத்தனை காவல் எதற்கு? போரில் புண்பட்ட கணவனை மனைவி காக்கும் புறநானூறு 281இலும் ஐயவி சிதறப்படுகிறது, மணி எழுப்பப்படுகிறது. ஈற்றறையும் புண்பட்டோன் அறையும் ஏறத்தாழ ஒரே வகையில் காக்கப்படுகின்றன. அங்கே புண் பெயர் சொல்லிச் சுட்டப்படுகிறது. இங்கே அஞ்சப்படுவது யாதெனச் சொல்லுவார் இல்லை. மனைக்கு அடையாக வரும் 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் காப்பு, அச்சம் இரண்டையுமே பொருளாகக் கூறியிருத்தல் ஈண்டு நினையத்தக்கது. உரைமரபு காப்பைக் கொண்டது. அச்சம் சொல்லின் அடியிலேயே தங்கிவிட்டது.

அவ்வச்சம் தாயினுடையதாகக் காட்டப்படவும் இல்லை. புனிற்று நாற்றம் செவிலியின்மேல் ஏற்றப்படுகிறது. புதல்வன் துயில்வதும் அவளோடுதான். நெய்யாடிய தாய்க்குக் கிடைப்பது இரு இமை பொருந்துதல் மட்டுமே. இதனை உறக்கம் எனக் கொள்வதே இயல்பு. எனினும் மகனுக்குத் 'துஞ்ச' என்ற சொல்லைத் தந்த புலவர் தாய்க்கு இமையை மட்டும் கூறி நிறுத்தியது தற்செயலாகவும் இருக்கலாம், அன்றியும் இருக்கலாம். கூற்று பரத்தையினுடையது. நள்ளிரவில் கள்வனைப்போல் மனை புகும் தலைவனே அவள் குறி. தாய் அவ்வழியில் தென்பட்டவள். தாயைப் பாடும் நோக்கமின்றி வந்தமையால்தான் இச்சான்றின் மதிப்பு மிகுகிறது.

அகநானூறு 56இல் நிலை வேறு. கன்றையுடைய புனிற்றா பாய்கிறது. பாணன் யாழைப் போட்டுவிட்டுத் தலைவியின் மனைக்குள் ஓடி வருகிறான். தலைவி அதனைத் தோழியிடம் நகையாகச் சொல்கிறாள். ஈன்ற ஆவின் கலக்கம் அங்கே பாய்ச்சலாக வெளிப்பட்டுவிடுகிறது. அதன் சினத்துக்குக் காரணம் கூற வேண்டிய தேவை புலவர்க்கும் கேட்போர்க்கும் நேரவில்லை.