இலக்கணம் தேடியவருக்குக் கிடைத்த கவிதை

பெங்களூரின் காக்ஸ் டவுனில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. இங்கே ஆங்கில ஆசிரியர்களோடு உட்கார்ந்தால் பேச்சு தானாகவே கவிதைக்கு வந்துவிடும். வராமல் எப்படி? கன்னட நவ்ய (நவீனத்துவ) கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகரும் நாவலாசிரியர் யு.ஆர். அனந்தமூர்த்தியும் ஆங்கிலம் கற்பித்தவர்கள். நம் தமிழ்க் கவிஞர் நகுலனும் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்தான்.

எனக்கு அலுக்காத பேச்சு ஏ.கே. ராமானுஜனைப் பற்றியது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பெல்காமில் ஆங்கிலம் கற்பித்தவர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப்போனார், உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு கையில் அகப்பட்டது. 1967இல் அதன் பாடல்கள் சில அவருடைய ஆங்கிலத்தில் நூலாயின. அந்தப் பக்கங்களைப் பாருங்கள். வரிகள் ஒரே ஓரத்தில் நிற்பதில்லை. உள்தள்ளி உள்தள்ளி இறங்குகின்றன. எந்தத் தொடர் எதைச் சார்ந்தது என்பது கண்ணுக்கே தெரிகிறது. வாக்கிய அமைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு பக்கம் காட்டிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஆங்கில வகுப்பில் குறுந்தொகைக்கு இடம் வேண்டும். தன் வீட்டுக் கவிதை வழியாக வரும் ஆங்கிலத்தைக் கண்டு எந்தப் பிள்ளையும் மிரளாது.