தோப்பும் காடும் ஒன்றா?

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் வனப்பரப்பைக் கணக்கிட்டு, 1987 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட்டு வருகிறது. 2023-க்கான அறிக்கை 2024 டிசம்பரில் வெளிவந்தது. நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு வனம் என்பது அதன் முடிவு. இந்த எண் எப்படிக் கிடைத்தது, அதை எந்த அளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

முறை எளிய இயற்பியல்தான். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உட்கவர்கிறது. இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. வெற்று மண்ணில் இவை இரண்டுக்கும் இத்தனை வேறுபாடு இராது. ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளிலுள்ள லிஸ்-3 கருவி இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். நம் ஊர்க் கணக்கில் சுமார் 13.5 சென்ட். இவ்வளவு பெரிய நாட்டை இத்தனை நுணுக்கமாக அளப்பது பாராட்டத்தக்கதே.

குறை கருவியில் இல்லை, வரையறையில் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரத்தழை மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி இல்லை. பழத்தோட்டம், மூங்கில், பனை யாவும் சேரும் என்று அறிக்கையே கூறுகிறது. ஆகவே வன்னியம்பட்டி வட்டாரத்தில் நின்று பார்த்தால், ராஜபாளையத்து மாந்தோப்பும் மேற்கே சாம்பல் நிற அணில் வாழும் மலைக்காடும் ஒரே கணக்கில் கூட்டப்பட இடமிருக்கிறது.

மேய்ச்சல் நிலத்தின் கதி இதற்கு நேர்மாறு. புல் காய்ந்ததும் பச்சையம் மறைகிறது. படத்தில் புல்தரை வெற்று மண்ணைப் போலவே தோன்றுகிறது. மரமும் இல்லாததால் வனக்கணக்கில் அதற்கு இடமில்லை. மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பிலோ, சீர்குலைந்த மேய்ச்சல் நிலம் தரிசு வகைகளுள் ஒன்று.

இது வெறும் பெயர்த் தகராறு அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ப்பதற்குத் தடை விதித்தது. மலையில் இடமில்லை என்றானபின் ஆடுமாடுகளுக்கு மிஞ்சுவது மேய்க்கால் புறம்போக்கும் அறுவடை முடிந்த வயல்களுமே. அந்தப் புறம்போக்கும் படத்தில் 'தரிசு' என்று நிறம் பெற்றுவிட்டால், அதை வேறு பணிக்கு எடுத்துக்கொள்ள எவரும் தயங்கமாட்டார்கள். அங்கே மரம் நட்டால் வனக்கணக்கு கூடும். ஆட்டுக்குப் புல் இராது.

இதற்கு வழி உண்டு. தென்னை ஆண்டு முழுவதும் பச்சை. இலையுதிர் காடு கோடையில் பழுக்கும். புல் மழைக்குப்பின் சில வாரங்களே பசுமையாயிருக்கும். ஒரே இடத்தைப் பல பருவங்களில் படமெடுத்து ஒப்பிட்டால் மூன்றையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் 10 மீட்டர் நுணுக்கப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றோடு கிராமப் பதிவேட்டையும் ஆடு மேய்ப்போர் சொல்லையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

மாணவர்களே, வனப்பரப்பு கூடியது என்ற செய்தியைப் படிக்கும்போது, கூடியது காடா, தோப்பா என்று கேளுங்கள். எந்த அளவீட்டிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அளந்தது எதை என்பதே.