மறதி யாருக்கு வருகிறது?

நம் சினிமாவில் மறதிநோய் பெரும்பாலும் படித்தவர்களுக்குத்தான் வருகிறது. 'ஓ காதல் கண்மணி'யில் (2015) லீலா சாம்சன் நடித்த பவானி கர்நாடக இசைப் பாடகி. பிளெஸ்ஸியின் மலையாளப் படமான 'தன்மாத்ரா'வில் (2005) மோகன்லால் தலைமைச் செயலக ஊழியர். 'மைனே காந்தி கோ நஹீன் மாரா'வில் (2005) அனுபம் கேர் ஓய்வுபெற்ற இந்திப் பேராசிரியர். மராத்திப் படமான 'அஸ்து'வில் மோகன் அகாஷே சமஸ்கிருத அறிஞர். இவ்வளவு படித்த மனிதர் இப்படி ஆகிவிட்டாரே என்றுதான் நம்மை அழவைக்கிறார்கள். அப்படியானால், பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண்ணுக்கு மறதி வந்தால் அதில் அழ என்ன இருக்கிறது?

கம்பத்தில் எங்கள் வீட்டில் மறந்துபோனவர் என் மாமியார். இந்தப் பள்ளத்தாக்கின் ஆயிரக்கணக்கான பெண்களைப் போல, விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. நான்கு மணிக்கு எழுவது மறக்கவில்லை. "ஏத்தா, ஜீப்பு வந்துருச்சா?" என்று தூக்குவாளியைத் தேடுகிறார். பகலில் திண்ணையில் உட்கார்ந்து சேலை முந்தானையை நிமிண்டிக்கொண்டே இருப்பார். ஏலச்செடியின் தூரில் பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளிப் பழகிய விரல்கள் அவை. மருத்துவர்கள் இதை நோயின் அறிகுறி என்கிறார்கள். எனக்கு இது அவருடைய வாழ்க்கை வரலாறாகவும் தெரிகிறது.

அவர் தூங்கியபின் கைபேசியில் படம் பார்ப்பேன். ஒரு காதில்தான் இயர்போன். இன்னொரு காது நாதாங்கிச் சத்தத்துக்கு. ஒரு படம் முடிய நான்கு இரவு ஆகும். அப்படிப் பார்த்ததில் எது ஆறுதல் தந்தது, எது தரவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன்.

'ஓ காதல் கண்மணி' அழகான படம். மனைவியைக் கணவர் கவனித்துக்கொள்வதைக் காட்டியது சின்ன விஷயமில்லை. ஆனால் பவானி மழையில் தொலைந்துபோவது, இளம் காதலர்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க ஒரு காரணமாகிவிடுகிறது. ராதாமோகனின் '60 வயது மாநிறம்' (2018) படத்திலும் அப்பா தொலைகிறார், மகன் தேடுகிறான், தேடித்தேடி நல்லவனாகிறான். நோய் ஒருவருக்கு, பாடம் இன்னொருவருக்கு. நனைந்த துணியை அலசியது யார் என்று இந்தப் படங்களில் யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்டது ஈரானியப் படமான 'எ செப்பரேஷன்' (2011). அஸ்கர் ஃபர்ஹாதி இயக்கியது. கிழவரைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வரும் ராஸியே கர்ப்பிணி; சிறுமகளையும் கூட்டி வருகிறாள். கிழவர் துணியிலேயே போய்விடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுச் சுத்தம் செய்வது பாவமா என்று தொலைபேசியில் விசாரித்துவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குகிறாள். பின்னொரு நாள் அவரைக் கட்டிலோடு கட்டிவிட்டு வெளியே போகிறாள். வீட்டுக்காரர்கள் கொதிக்கிறார்கள். தெருக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் எனக்கு அவளைத் திட்ட வரவில்லை. வேறு ஆள் இல்லாத வீட்டில் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு என்று ஒரு படம் சொன்னது. அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

'அஸ்து'வில் அறிஞர் ஒரு யானையின் பின்னால் போய்த் தொலைகிறார். அவருக்குச் சோறூட்டுபவள் பாகனின் மனைவி சன்னம்மா. அம்ருதா சுபாஷுக்கு இந்தப் பாத்திரம் தேசிய விருது வாங்கித் தந்தது. அவளை அவர் தாயாகவே பார்க்கிறார். அவளுக்கு அவர் படிப்பு தெரியாது, பசி தெரிகிறது. ஆனாலும் என் மனம் குறுக்கே கேட்கிறது: சன்னம்மாவுக்கு மறதி வந்தால் யார் ஊட்டுவார்கள்? அந்தக் கதையை யார் எடுப்பார்கள்?

'பெண் என்றால் பொறுமை' என்று வணங்கும் படங்கள் என்னை இன்னும் களைப்பாக்குகின்றன. வேலையை வேலையாகக் காட்டும் படங்களில் நான் கொஞ்சம் உட்கார முடிகிறது. மலையேறிய ஒரு பெண்ணின் விரல்களில் மிஞ்சியிருக்கும் நினைவையும் நினைவென்று மதிக்கிற படம் ஒன்று தமிழில் வரட்டும். நான்கு இரவானாலும் பார்த்து முடிப்பேன்.