சிறுத்தையைச் சூடியவர்

வாலிஸ் சிம்சனின் நகைகளைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கதைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவை அரியணையைத் துறந்த காதலனின் பரிசுகள்; இல்லையென்றால் பேராசைக்காரி ஒருத்தியின் சேகரிப்பு. இரண்டிலும் அவருடைய ரசனைக்கு இடமில்லை.

இருமுறை மணவிலக்குப் பெற்ற இந்த அமெரிக்கப் பெண்ணுக்காக எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பரில் முடி துறந்தார். அடுத்த ஆண்டு திருமணம். வாலிஸ் வின்ட்சர் கோமகள் ஆனார். கணவருக்கு இருந்த அரச மரியாதை அடைமொழி மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டது. முடி கிடைக்காத அந்தப் பெண் விலங்குகளைச் சூடிக்கொண்டார்.

1940இல் பாரிஸின் கார்டியர் நிறுவனம் அவருக்காகப் பூநாரை புரோச் ஒன்றைச் செய்தது. அதன் உடல் வைரம். இறகுகள் மாணிக்கம், மரகதம், நீலக்கல். வண்ணக் கற்கள் அவருடைய பழைய நகைகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. 1948இல், 116 காரட்டுக்கு மேற்பட்ட மரகதத்தின் மீது கரும்புள்ளித் தங்கச் சிறுத்தை வந்தது. மறு ஆண்டு, 152 காரட் நீலக்கல்லின் மீது வைரச் சிறுத்தை. 1952இல் வந்த வைர, ஓனிக்ஸ் சிறுத்தையோ மணிக்கட்டோடு வளைந்து கொடுக்கும் கைச்சங்கிலி. ஊர் அவரை வேட்டைக்காரி என்றது. அவர் வேட்டை விலங்கையே எடுத்து அணிந்தார். ஏச்சை அணிகலனாக்கிய இந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இந்த நகைகளுக்குப் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார். 1933 முதல் கார்டியரின் உயர்நகைப் பிரிவை நடத்திய ழான் துசான். 'சிறுத்தை' என்பது முதலில் அவருடைய செல்லப்பெயர். அவர் வரைபவர் அல்லர். வரைந்தவர் பீட்டர் லெமர்ஷான். எது அழகு என்று தீர்மானித்தவர் துசான். ஆண்களின் தொழிலாக இருந்த நகைத்துறையில் ஒரு பெண்ணின் தீர்ப்பு செல்லுபடியானது. அணிந்தவரை அறிந்த அளவுக்கு உலகம் அவரை அறியவில்லை.

இந்தச் சிறுத்தையைப் பெண் விடுதலையின் சின்னம் என்று விளம்பர மொழி சொல்லும்போது நான் விலகி நிற்கிறேன். 1937 அக்டோபரில் இத்தம்பதியர் ஜெர்மனி சென்று ஹிட்லரைச் சந்தித்தார்கள். ஒதுக்கப்பட்ட பெண் என்பதற்காக அந்தக் கைகுலுக்கலை நாம் மறந்துவிட முடியாது. தனக்கு மறுக்கப்பட்ட மரியாதை அவரை வதைத்தது. பிறருக்கு மறுக்கப்பட்ட வாழ்வுரிமை அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

1986இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஜெனிவாவில் நகைகள் ஏலம் போயின. 5 கோடி டாலருக்கு மேல் திரண்ட தொகை பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றது. அவருடைய நகைகளில் மிகுந்த பயன் தந்த செயல் அதுதான். ஒரு பெண்ணின் ரசனையை மதிப்பதற்கு அவளைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அவள் அரசியலைக் கண்டிப்பதற்கு அவள் நகையைக் கேலி செய்ய வேண்டியதும் இல்லை. பெண்களைப் பற்றி எழுதும் நாம் இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் செய்யப் பழக வேண்டும்.