கடைக்காரர் எதை வாங்க மறுத்தார்?

கட்டுமானப் பொருள் விற்கும் பெரிய நிறுவனங்கள் வருடா வருடம் 'நிலைத்தன்மை அறிக்கை' என்று ஒன்றை வெளியிடுகின்றன. கொஞ்ச நாளாக அவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடு மாறும், கம்பெனியின் அளவு மாறும், உள்ளே இருப்பது மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கிடங்குக் கூரையில் சோலார் தகடு. பழைய குழல்விளக்குக்குப் பதில் எல்.இ.டி. டீசல் ஃபோர்க்லிஃப்ட் போய் பேட்டரி வண்டி. ஊழியர்கள் மரக்கன்று நடும் படம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட். கடைசியில் தலைவர் கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி.

இதில் எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல காரியங்கள்தான். ஆனால் இத்தனையும் படித்து முடித்த பிறகும் அந்தக் கடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, அதுதான் என் புகார். விநியோகஸ்தர் என்பவர் சிமென்ட் சுடுவதில்லை, மரம் வெட்டுவதில்லை, கல் அறுப்பதில்லை. வாங்குகிறார், அடுக்குகிறார், விற்கிறார். அப்படியென்றால் அவருடைய பொறுப்பு கொள்முதல் மேசையில்தானே இருக்க வேண்டும்? கூரைமேல் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கார்பன் கணக்கு எழுதும் முறையே இதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உலகம் முழுக்க நிறுவனங்கள் பின்பற்றும் 'கிரீன்ஹவுஸ் காஸ் புரோட்டோகால்' உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. சொந்தமாக எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கி விற்கும் பொருள்கள் உருவானபோது வெளியான புகை உட்பட மற்றதெல்லாம் ஸ்கோப் 3. சிமென்ட் மட்டுமே உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம். அதிலும் பாதிக்கு மேல் சூளையில் எரிக்கும் நிலக்கரியால் வருவதில்லை; சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லிலிருந்தே வருகிறது. இந்த மூட்டையை லட்சக்கணக்கில் விற்கும் ஒருவர் கிடங்கில் விளக்கை மாற்றினேன் என்று நான்கு பக்கம் எழுதினால், கணக்கின் ஓரத்தை மட்டும் காட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

சரி, கொள்முதல் மேசையில் ஒரு விற்பனையாளர் உண்மையில் என்னதான் செய்ய முடியும்? மூன்று நல்ல உதாரணங்கள், ஒரு மோசமான உதாரணம்.

முதலாவது, பிரிட்டனின் 'பி அண்ட் கியூ' கடைகள். 1990-ஐ ஒட்டிய வருடங்களில், நீங்கள் விற்கும் வெப்பமண்டல மரம் எவ்வளவு என்று கேட்டபோது அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடை வாசலில் சூழலியல் இயக்கத்தினரின் போராட்டம் வேறு. 1991-இல் நிறுவனம் ஒரு கெடு வைத்துக்கொண்டது: 1995 முடிவதற்குள், நன்றாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்த மரத்தை மட்டுமே விற்பது. கெடு வைத்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. 'நன்றாகப் பராமரிக்கப்படும் காடு' என்று யார் சான்று கொடுப்பது? அப்படி ஓர் அமைப்பே அன்றைக்கு இல்லை. 1993-இல் எஃப்.எஸ்.சி. என்ற காட்டுச் சான்றிதழ் அமைப்பு உருவானதற்கு இப்படிப்பட்ட வாங்குபவர்களின் நெருக்கடியும் ஒரு காரணம். இங்கே உறுதிமொழியில் மூன்று அம்சங்கள் இருந்தன: ஒரு பொருள், ஒரு தேதி, 'இது இல்லையென்றால் வாங்க மாட்டேன்' என்ற நிபந்தனை.

இரண்டாவது, அமெரிக்காவின் 'ஹோம் டிப்போ'. உலகிலேயே அதிகமாக மரப்பலகை விற்கும் சில்லறை நிறுவனம் என்று பெயர் வாங்கியிருந்த காலம். ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமைப்பு கடைகளுக்கு முன்னால் தொடர்ந்து போராடியது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் இறங்கி வந்தது: அழியும் நிலையில் உள்ள காடுகளின் மரத்தை 2002 முடிவதற்குள் விற்பனையிலிருந்து விலக்குவோம் என்றது. அவ்வளவு பெரிய வாங்குபவர் சொன்னால் மரக்கம்பெனிகள் கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஆயிரம் மரஅறுவை ஆலைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது கடினம். எல்லாச் சரக்கும் கடந்து வரும் ஒரு குறுகிய வாசலில் நிற்பவர் கை நீட்டி மறித்தால் போதும். விநியோகஸ்தரின் பலம் அதுதான்.

மோசமான உதாரணத்துக்கு வருவோம். 'லம்பர் லிக்விடேட்டர்ஸ்' அமெரிக்காவில் தரைப்பலகை விற்ற பெரிய சங்கிலிக் கடை. 2013 செப்டம்பரில் மத்திய அரசு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். 2015 அக்டோபரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சட்டவிரோதமாக வெட்டிய மங்கோலிய ஓக், சீனாவில் தரைப்பலகையாகி, அமெரிக்க வீடுகளுக்கு வந்திருக்கிறது. அது அமூர் புலிகள் வாழும் காடு. ரஷ்யாவில் கொடுத்த வெட்டு உரிமச்சீட்டு ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த ஒரு நிறுவனம் இறக்குமதி செய்தது மட்டுமே, அந்தச் சீட்டில் அனுமதித்த அளவை 800 சதவீதத்துக்கும் மேல் தாண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு என்கிறது அமெரிக்க நீதித்துறை. சுங்கத் தாளில் அந்த மங்கோலிய ஓக், ஜெர்மனியில் வெட்டிய 'வெல்ஷ் ஓக்' ஆகிவிட்டது. மியான்மரில் வெட்டிய மரம் இந்தோனேசிய மகோகனி ஆகிவிட்டது.

இதில் என்னை யோசிக்க வைத்தது திருட்டு மரம் அல்ல. உள்ளே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது என்பதுதான். ஆபத்தான நாடு, ஆபத்தான மரவகை, ஆவணம் காட்ட முடியாத சப்ளையர் என்று நிறுவனமே அடையாளம் கண்டு வைத்திருந்தது. விதிமுறையும் எழுதி வைத்திருந்தது. ஆனால் கொள்முதல் நிற்கவில்லை. மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள். 2016 பிப்ரவரியில் தண்டனை: அபராதம், பறிமுதல் எல்லாம் சேர்த்து 1 கோடியே 31 லட்சம் டாலருக்கும் மேல். 1900-இல் வந்த 'லேசி சட்டம்' 2008-இல் திருத்தப்பட்டு மரத்துக்கும் விரிவாக்கப்பட்டதால்தான் இந்த வழக்கே சாத்தியமானது.

அதற்குள் இன்னொரு பிரச்சினை. 2015 மார்ச்சில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, இதே கடையின் சீன லாமினேட் பலகைகளில் ஃபார்மால்டிஹைடு அளவு அதிகம் என்று காட்டியது. கலிஃபோர்னியா தரத்துக்கு உட்பட்டது என்ற லேபிள் பெட்டியில் இருந்தது. அதே வருடம் மே மாதம் அந்தச் சரக்கை விற்பதை நிறுத்தினார்கள். தரவிதிகளைப் பின்பற்றுவது பற்றி முதலீட்டாளர்களுக்குத் தவறான தகவல் சொன்னதற்காக 2019-இல் 3 கோடியே 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். காட்டில் புலிக்கு ஒரு கேடு, வீட்டில் தவழும் குழந்தைக்கு ஒரு கேடு. இரண்டும் ஒரே மேசையில் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை. 'சுற்றுச்சூழல்' ஒரு அத்தியாயம், 'சமூகம்' இன்னொரு அத்தியாயம் என்று அறிக்கைகள் பிரித்து எழுதும்போது இந்தத் தொடர்பு கண்ணில் படுவதே இல்லை.

கடைசி உதாரணம் ஆஸ்திரேலியாவின் 'பன்னிங்ஸ்'. சமையல்கட்டு மேடைக்கு நம் ஊரில் 'குவார்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தச் செயற்கைக் கல் பலகையைப் பற்றியது. இதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். கிரானைட்டில் பொதுவாக அதில் பாதிகூட இல்லை. அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வருகிறது. போன நுரையீரல் திரும்பாது. தொழிற்சங்கங்கள் தடை கேட்டன. 2023 நவம்பரில் பன்னிங்ஸ், டிசம்பர் 31-க்குப் பிறகு விற்க மாட்டோம் என்று அறிவித்தது. அரசுகள் கூடித் தடைக்கு ஒப்புக்கொண்டது டிசம்பரில். தடை அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1-இல். வித்தியாசம் சில மாதங்கள்தான், பெரிய தியாகம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் சட்டம் வருவதற்கு முன்பே அலமாரியில் ஓர் இடம் காலியானது. பத்து மரக்கன்று படத்தைவிட அது எனக்கு அதிகம் சொல்கிறது.

இந்தியச் சட்டத்தில் இந்தக் குழப்பம் எழுத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 1000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆனால் வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் வராது என்கின்றன விதிகள். சொந்த வியாபாரச் செலவையே தர்மக் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நியாயமானதுதான். ஆனால் பக்கவிளைவைப் பாருங்கள்: 'சமூகப் பொறுப்பு' என்றாலே வியாபாரத்துக்கு வெளியே, லாபம் வந்த பிறகு, கொடுக்கும் பணம் என்று ஆகிவிட்டது. லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி அந்தப் பெயருக்குள் வருவதே இல்லை.

செபி அமைப்பு 2022-23 முதல் பங்குச்சந்தையில் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய 'பி.ஆர்.எஸ்.ஆர்.' படிவம் இதில் கொஞ்சம் மேல். நிலைத்தன்மையோடு கொள்முதல் செய்ய வழிமுறை உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம் என்று அது நேராகவே கேட்கிறது. என்னைக் கேட்டால், ஒரு நிறுவனத்தின் பளபள அறிக்கையை மூடிவிட்டு முதலில் அந்தக் கட்டத்தைப் பார்க்கலாம்.

'நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான், வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார்' என்று விநியோகஸ்தர்கள் சொல்வதுண்டு. இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. நான்கு தெருவுக்கு ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருக்கு இது உண்மையான கஷ்டம். மணல் எந்த ஆற்றில் அள்ளியது என்று லாரிக்காரரிடம் கேட்டால், அடுத்த லோடு வராமல் போகலாம். ஆனால் அவர் நிலைத்தன்மை அறிக்கையும் வெளியிடுவதில்லை! அறிக்கை போடும் அளவுக்கு வளர்ந்தவர்கள்தான் கேள்வி கேட்கும் அளவுக்கும் வளர்ந்தவர்கள். அந்தச் சாக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நல்ல உதாரணம் என்று நான் சொன்ன மூன்றிலும், கடைக்காரர் தானாக மனம் மாறியதாகத் தெரியவில்லை. வாசலில் யாரோ நின்று கத்தியிருக்கிறார்கள், இல்லையென்றால் தொழிற்சங்கம் நெருக்கியிருக்கிறது. அதனால் அந்த உறுதிமொழிகளின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் உறுதிமொழியை நல்ல மனசுக்குச் சான்றாகப் படிப்பதைவிட, யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகப் படிப்பது சரி. யாரும் கேட்காத இடத்தில் சோலார் தகடு படம்தான் வரும்.

அதனால் இந்த மாதிரி அறிக்கை கையில் கிடைத்தால் நான் இப்போது மூன்று இடங்களைத்தான் தேடுகிறேன். விற்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று பொருள்வாரியாகச் சொல்கிறார்களா? ஸ்கோப் 3 எண்ணை முழுசாகக் கொடுக்கிறார்களா? 'இந்தச் சரக்கை வாங்குவதை நிறுத்தினோம், இந்தத் தேதியில், இந்தக் காரணத்தால்' என்று ஒரு வரியாவது இருக்கிறதா? மூன்றாவதுதான் கிடைப்பதே இல்லை. உங்களுக்கு எங்காவது கண்ணில் பட்டால் எழுதுங்கள், நிறுவனத்தின் பெயரோடும் வருடத்தோடும். அப்படி ஒரு பட்டியல் சேர்த்துப் பார்க்க ஆசை.